தோமஸ் ஹெப்டனை உயிரோடு தேடியது

முன்னோரைத் தேடிக் கொடுக்கும் அலுவலகத்தில் என்னுடைய கதிரையில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போன மாதம் எச்சிலைப் பற்றி என்னிடம் கதைத்தாள். வாடிக்கையாளர்கள் ஒரு சிறு குழாய்க்குள் துப்பித் தபாலில் அனுப்புகிறார்களாம். சில கிழமைகளில் அவர்களுடைய முன்னோர்கள் எந்தெந்த நாட்டவர் என்று சதவீதத்தோடு பதில் வருகிறதாம். பழைய பதிவுகளும் இப்போது படமாக்கப்பட்டுக் கணினியில் கிடக்கின்றன. "இதெல்லாம் இல்லாத நேரம் நீங்கள் நாள் முழுக்க என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"நிண்டனாங்கள்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அலுவலகங்களின் கதவுக்கு முன்னால் நின்றோம், தேவாலய மேற்பார்வையாளர்கள் மத்தியானச் சாப்பாடு முடித்து வரும்வரை நின்றோம், கல்லறைகளுக்குப் பக்கத்தில் வெயில் சரியும்வரை நின்றோம். குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வாசலில் வதிவிட அனுமதிக்காக வருடக்கணக்கில் வரிசையில் நின்று பழகிய எனக்கு அது புதிய தொழிலாகத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் ஒரு டியூட்டரியில் ஆங்கில இலக்கணம் படிப்பித்தவன். இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோவுக்கு வந்த பிறகு மற்றவர்களைப் போலவே வீடு துடைத்தேன், பிறகு ஒரு முதிய அம்மாவைப் பராமரித்தேன். அந்த அம்மாவின் மகள்தான் சிஞ்ஞோரா அகாத்தா. தன் வீட்டின் முன்னறையில் ஒரு சிறு அலுவலகம் வைத்து, வெளிநாடுகளில் இருந்து வருகிறவர்களுக்கு அவர்களுடைய சிசிலிய முன்னோரைத் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தாய் இறந்த கிழமையே என்னைக் கூப்பிட்டு, "நீங்கள் போக வேண்டாம், சிஞ்ஞோர் சீவா. எனக்கு ஆங்கிலம் வராது. உங்களுக்கு வரும். முன்னறைக்கு மாறுங்கோ" என்றார். சிவபாலன் என்ற என் பெயரில் அவர் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். ஆனால் கடைசி நாள்வரை என்னை ஒருமையில் அழைத்ததில்லை.

தொழில் பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதலில் பைகளைத் தூக்கினேன். பிறகு பழைய எழுத்தை வாசிக்கப் பழகினேன். சிசிலியில் பிறப்பு, திருமணம், இறப்பு ஒவ்வொன்றுக்கும் பதிவு உண்டு. தேடும்போது இறப்பில் தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும் என்பது சிஞ்ஞோராவின் ஒழுங்கு. பதிவுகளில் ஒருவருடைய பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர் வரும். அந்த நாளில் தகப்பன் உயிரோடு இருந்தால் இடையில் 'தி' என்று எழுதுவார்கள், இறந்திருந்தால் 'ஃபு' என்று எழுதுவார்கள். என் தொழிலில் பாதி அந்த இரண்டு சிறிய சொற்கள்தான். எழுத்து மங்கிய கல்லறையில் சோக்கட்டி தேய்க்கக் கூடாது. பக்கவாட்டில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலைக் கல்லின்மேல் சரிவாக விழுத்த வேண்டும். எழுத்துகள் தாமாக எழும்பி நிற்கும். இதை எனக்குக் காட்டிய அன்று சிஞ்ஞோரா கண்ணாடியில் தன் தலைமயிரையும் ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

மொழிபெயர்ப்பில்தான் அவர் கடுமையானவர். அவர் ஒரு வசனம் சொல்லி, நான் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். "நான் சொன்னது சின்ன வசனம். நீங்கள் சொன்னது நீளம். மிச்சம் என்ன?" நான் வாடிக்கையாளரின் மனம் நோகாதபடி முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் சேர்த்திருப்பேன். "அதை எடுத்துவிட்டுத் திரும்பச் சொல்லுங்கோ" என்பார். வாடிக்கையாளருக்கு முன்னாலேயே திரும்பச் சொல்லுவேன். சில மாதங்களில் அந்தப் பழக்கம் போய்விட்டது.

புதிதாக வருகிற எல்லோரிடமும் அவர் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "எதைக் கண்டுபிடிக்க நீங்கள் விரும்பவில்லை?" பலர் சிரிப்பார்கள். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒருவர், தன் பாட்டனார் ஒரு பிரபு என்றும் அவர் சவரத் தொழிலாளியாக இருந்துவிடக் கூடாது என்றும் பகிடியாகச் சொன்னார். சவரத் தொழிலாளியாகத்தான் இருந்தார். அந்த மனிதர் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மறுநாள் பாட்டனார் கடை வைத்திருந்த தெருவைத் தேடிப் போய் அங்கேயே முகச்சவரம் செய்துகொண்டு வந்து காட்டினார். எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் அப்படித்தான். தாங்கிக்கொள்ளக் கூடியதைத்தான் கண்டுபிடித்தார்கள்.

வில்ஃபிரட் ஹெப்டன் அப்படி வந்தவர் அல்ல. அவர் இங்கிலாந்தின் வடபகுதிக்காரர், எழுபதை நெருங்கியவர், ஓய்வுபெற்ற அம்புலன்ஸ் சாரதி. அவர் வந்தது இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுப்பகுதியில். எங்களுக்கு வழமையாக வருகிறவர்கள் சிசிலியிலிருந்து போனவர்களைத் தேடுவார்கள். இவர் சிசிலிக்கு வந்த ஒருவரைத் தேடினார். அவருடைய பாட்டனாரின் தகப்பன் தோமஸ் ஹெப்டன், நீராவி இயந்திரங்கள் பொருத்துகிற மெக்கானிக். தோல் பதனிட உதவும் சுமாக் இலையை அரைக்கிற ஆலை ஒன்றில் வேலைக்கென்று மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் பலேர்மோவுக்குக் கப்பலேறியவர். சில வருடங்களில் இங்கே கொலரா பரவியது. ஆலையில் கூட வேலை செய்த ஒருவன் ஊர் திரும்பி, தோமஸ் நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்துத் தூக்கிச் சுமந்து பணிவிடை செய்து, கடைசியில் தானும் நோய் தொற்றி இறந்தார் என்று மனைவியிடம் சொன்னான். மனைவி ஊராருடைய துணி துவைத்து மூன்று பிள்ளைகளையும் வளர்த்தாள். அந்தக் கதை பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

"அந்தக் கதையைக் கேட்டுத்தான் நான் அம்புலன்ஸ் ஓடப் போனனான்" என்றார் வில்ஃபிரட். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்று கேட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார்.

சிஞ்ஞோரா தன்னுடைய கேள்வியைக் கேட்டார்.

"அப்பிடி ஒண்டும் இல்லை. எங்களுக்கு எல்லாம் தெரியும். அவரைப் புதைச்ச இடம் மட்டும் வேணும்" என்றார் வில்ஃபிரட். அடுத்த முறை வரும்போது அந்த இடத்தில் வைக்க ஒரு கல்லும் கொண்டு வருவதாகச் சொன்னார்.

கல்லோடு அவர் ஜெனோவாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய அன்று நான்தான் துறைமுகத்துக்குப் போனேன். காரின் பின்பக்கத்தில், ஒரு பழைய குளிர்ப்போர்வையால் சுற்றி, பச்சைப்பிள்ளையைப் போல வைத்திருந்தார். துறைமுகத்தில் ஒரு காவலர் அதைத் திறந்து பார்த்தார்.

"என்ன இது?"

"நினைவுக் கல்" என்றேன்.

"ஆர் செத்தது?"

"இவருடைய பாட்டனாரின்ரை தகப்பன்."

"எப்ப?"

"நூற்றைம்பது வருசம் இருக்கும்."

காவலர் போர்வையை மூடிவிட்டு வில்ஃபிரட்டின் கையைப் பிடித்து அனுதாபம் தெரிவித்தார். வில்ஃபிரட் நன்றி சொன்னார்.

கருஞ்சாம்பல் நிறப் பலகைக் கல். அதில் ஆங்கிலத்தில் செதுக்கியிருந்தது இதுதான்: தோமஸ் ஹெப்டன். இந்த நகரத்தின் கொலரா நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து உயிர் நீத்தார். சிஞ்ஞோரா அதை என்னைக் கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்துக் கேட்டார். பிறகு அலுவலகச் சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னார். கடலோரத்தில், கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கென்று ஒரு பழைய இடுகாடு உண்டு. அங்கே வைப்பதற்கு ஆங்கிலப் பாதிரியாரோடும் கதைத்து, சிறு பிரார்த்தனைக்கு நாளும் குறித்தாயிற்று. இனி மனிதரைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

கொலரா வருடத்து இறப்புப் பதிவுகள் தடித்தவை. எழுதியவர்கள் களைத்துப் போனது எழுத்திலேயே தெரியும். சிஞ்ஞோரா ஒரு பக்கத்திலும் நான் ஒரு பக்கத்திலும் இருந்து முழுவதையும் வாசித்தோம். குழந்தைகள், பிச்சைக்காரர், வண்டிக்காரர், கன்னியாஸ்திரிகள் எல்லோரும் இருந்தார்கள். தோமஸ் இல்லை. அடுத்த வருடத்தையும் பார்த்தோம். வைத்தியசாலைப் பதிவில் இல்லை. கடலோர இடுகாட்டில் கண்ணாடி பிடித்து ஒவ்வொரு கல்லாக வாசித்தோம். அங்கே வைன் வியாபாரிகளும் மாலுமிகளும் ஒரு பாதிரியாரின் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

சிஞ்ஞோரா கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "செத்தவரைத் தேடி முடிஞ்சுது. இனி உயிரோடை தேடுவம்" என்றார்.

அவர் உயிரோடு தேடிய விதம் இது. அந்தக் காலத்துப் பலேர்மோ எழுதுநர் ஒருவருக்கு 'ஹெப்டன்' என்று காதில் விழுந்தால் என்ன எழுதியிருப்பார்? இத்தாலியர்களுக்கு 'ஹ' கிடையாது. சிஞ்ஞோரா வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். எப்தோன். எப்தோனி. இப்தொன். சிசிலிய வாயில் 'ப்த' என்று வராது, 'த்த' என்று வரும். எத்தோனே.

"எத்தோனே" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெயரை நான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் குடியிருந்த சீசா என்ற பகுதியில், பேருந்துத் தரிப்புக்கு நேரெதிரே ஒரு சிறு கடை. பொத்தான், நூல், சிப், எலாஸ்ரிக் விற்கிற கடை. என் மனைவி சட்டைக்கு ஹூக்கு வாங்குவது அங்கேதான். கடைப்பலகையில் எத்தோனே என்று எழுதியிருக்கும். சிஞ்ஞோராவிடம் அதைச் சொன்னேன்.

"பலேர்மோவிலை வேறை எங்கையும் இந்தப் பேர் என்ரை கண்ணிலை பட்டதில்லை" என்றார் சிஞ்ஞோரா. மறுநாள் பதிவகத்துக்குப் போனோம்.

பெயர் தெரிந்த பிறகு அது கஷ்டமான வேலை இல்லை. கொலரா முடிந்த அடுத்த வருடங்களில் தொம்மாசோ எத்தோனே, இங்கிலாந்தில் பிறந்தவர், மெக்கானிக், மணமாகாதவர் என்று சொல்லி, எலுமிச்சம்பழம் விற்பவர் ஒருவரின் மகள் கார்மேலாவைக் கட்டியிருந்தார். பிறப்புச் சான்று இல்லாததால் இரண்டு சாட்சிகள் சத்தியம் செய்திருந்தார்கள். ஆறு பிள்ளைகள். மூத்த மகளின் திருமணப் பதிவில் அவளுடைய பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் இடையில் 'தி' இருந்தது. கொலரா முடிந்து இருபது வருடங்களுக்கு மேலாகியும் ஆள் உயிரோடு இருந்தார். எழுபதைத் தாண்டிய பிறகுதான் இறப்புப் பதிவு. கட்டிலில், வீட்டில், கார்மேலா பக்கத்தில்.

அந்தப் பிற்பகல் நாங்கள் ஒரு கோப்பிக் கடையில் நின்றபடியே கோப்பி குடித்தோம். நான் சிஞ்ஞோராவிடம், "கண்டுபிடிக்க முடியேல்லை எண்டு சொல்ல ஏலாதோ?" என்று கேட்டேன். பிரார்த்தனைக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. அந்த மனிதருடைய கல் எங்கள் சுவரில் சாய்ந்திருந்தது.

சிஞ்ஞோரா சீனியைக் கலக்கினார். "அவர் தேடச் சொன்னவர். தேட வேண்டாம் எண்டு சொல்லியிருந்தால் அதையும் ஒழுங்காய்ச் செய்திருப்பன்" என்றார்.

முடிவு சொல்வதற்கும் அவருக்கு ஒரு முறை இருந்தது. வாடிக்கையாளரை உட்கார வைத்துக் கோப்பி கொடுப்பார். கோப்பையை அவர்கள் கீழே வைக்கும்வரை காத்திருப்பார், கையில் சூடாக ஒன்று இருக்கும்போது எதையும் சொல்ல மாட்டார். பிறகு முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லுவார். ஆரம்பத்தில் 'மன்னிக்க வேண்டும்' கிடையாது, முடிவில் 'ஆனாலும்' கிடையாது.

வில்ஃபிரட் கோப்பையை வைத்தார். சிஞ்ஞோரா சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

"தோமஸ் கொலராவில் சாகவில்லை. அவர் இங்கே இன்னொரு திருமணம் செய்து, ஆறு பிள்ளைகள் பெற்று, வயதாகி, தன் வீட்டில் இறந்தார். அவருடைய வழியில் வந்தவர்கள் இன்னும் இங்கே ஒரு பொத்தான் கடை வைத்திருக்கிறார்கள்."

சிஞ்ஞோரா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

வில்ஃபிரட் கல்லைப் பார்த்தார். கல்லில் இருந்த எழுத்துகள் எங்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரித்தான் சாய்ந்திருந்தன. அதைத் திருப்பி வைத்திருக்கலாம் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. பிறகு, "அப்ப நான் என்னத்துக்கு அம்புலன்ஸ் ஓடினனான்?" என்றார். எங்களிடம் கேட்ட கேள்வி அல்ல அது. ஆனாலும் மொழிபெயர்ப்பது என் வேலை. மொழிபெயர்த்தேன்.

வழமையாக முடிவைச் சொன்னதும் சிஞ்ஞோரா எழும்பி வெளியே போய்விடுவார். அன்று எழும்பியவர் திரும்ப உட்கார்ந்தார்.

"அம்புலன்சிலை நோயாளிகளைத் தூக்கினது இவர். தோமஸ் இல்லை. அப்பவும் இல்லை, இப்பவும் இல்லை. அதைச் சொல்லுங்கோ."

சொன்னேன். வில்ஃபிரட் தலையை ஆட்டினார். கேட்டது காதில் விழுந்தது என்பதற்கான ஆட்டம், அதற்குமேல் ஒன்றுமில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். பாதிரியாருக்கு நான் தொலைபேசியில் சொல்லிப் பிரார்த்தனையைத் தள்ளி வைத்தேன். காரணம் கேட்டார். இறந்த தேதி சரியாக இல்லை என்றேன்.

இரண்டு நாள் அவரைக் காணவில்லை. ஊருக்குப் போயிருப்பார், கல்லை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வந்தார். சவரம் செய்திருந்தார். "அந்தக் கடையைப் பார்க்க வேணும்" என்றார். "ஒண்டும் சொல்ல மாட்டன். ஒரு பொத்தான் வாங்கிக்கொண்டு வந்திடுவன்."

சிஞ்ஞோரா சம்மதிக்கவில்லை. உயிரோடு இருக்கிறவர்களுடைய வீட்டுக்குள் அவர்களுடைய இறந்தவரைக் கேட்காமல் கொண்டுபோகக் கூடாது என்பது அவருடைய ஒழுங்கு. முதலில் தானே போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. கடைக்காரிக்கு அறுபது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். என்னை ஹூக்குக்காரியின் புருசனாகத் தெரியும். சிஞ்ஞோரா வெள்ளை நூல் வாங்கினார். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

கடைக்காரி அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவரைப் போல முழங்கைகளை மேசையில் ஊன்றினார். அவர்களுடைய மூத்த முன்னோர் ஒரு ஆங்கிலப் பிரபுவின் மகன். சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர், உலகத்தில் அவருக்கென்று ஒருவரும் இல்லை. பலேர்மோவுக்கு வந்த இடத்தில் எலுமிச்சம்பழக்காரனின் மகளைக் கண்டு, எல்லாச் சொத்தையும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"அவர் ஆங்கிலேயர் எண்டபடியால்தான் எங்கடை வீட்டிலை எல்லாருக்கும் நேரம் தவறாத பழக்கம்" என்றார். அந்தக் கடை காலையில் எப்போது திறக்கும் என்று எனக்குத் தெரியும். நான் நூற்கண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதே குடும்பத்து ஆங்கிலேயர் ஒருவர் வந்திருக்கிறார், அவரிடம் இருக்கிற கதை வேறு, அது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், கேட்க விருப்பமா என்று சிஞ்ஞோரா கேட்டார். கடைக்காரி கொஞ்சம் யோசித்தார்.

"ஆளும் பிரபுவோ?"

"அம்புலன்ஸ் சாரதி."

"வரட்டும்" என்றார்.

மறுநாள் நாங்கள் போனபோது அவர் நல்ல உடுப்பு உடுத்து, உதட்டுச் சாயம் பூசி, வாதுமை பிஸ்கட்டுகளைத் தட்டில் அடுக்கி வைத்திருந்தார். மூன்று கதிரைகள்தான் இருந்தன, நான் நின்றேன். வில்ஃபிரட் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்த்தார்கள். முகத்தில் ஒற்றுமை இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இருக்கவில்லை. வில்ஃபிரட் நெடியவர், கடைக்காரி உருண்டை.

வில்ஃபிரட் சொன்னார், நான் சொன்னேன். தோமஸ் பிரபுவின் மகன் இல்லை, மெக்கானிக். அநாதை இல்லை. இங்கிலாந்தில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் இறந்துவிட்டதாக அவர்களுக்குச் செய்தி போனது.

கடைக்காரி மேசையில் கிடந்த எலாஸ்ரிக்கை எடுத்து விரலில் சுற்றினார், கழற்றினார். "அப்ப அவருக்கு எல்லாரும் இருந்தவை" என்றார்.

"ஓம்."

"அந்த மனுசி பிறகு என்ன செய்தவ?"

"ஊர்த்துணி தோய்ச்சவ."

"எவ்வளவு காலம்?"

வில்ஃபிரட்டிடம் கேட்டேன். "சாகும்வரை" என்றேன்.

"பேர் என்ன?"

அந்தக் கேள்வி வில்ஃபிரட்டுக்கு மொழிபெயர்ப்பில்லாமலே விளங்கிவிட்டது. "சாரா" என்றார்.

"ஓம், நான்தான்" என்றார் கடைக்காரி.

வில்ஃபிரட் இன்னொரு தரம், கொஞ்சம் மெதுவாக, "சாரா" என்றார். கடைக்காரி என்னைப் பார்த்தார். "ஓம், என்ரை பேர் சாராதானே. இவருக்கு ஆர் சொன்னது?"

கடைக்காரியின் முழுப்பெயர் சாரா எத்தோனே என்பது எங்களுக்குத் தெரியும். தோமஸின் மூத்த மகளும் சாராதான் என்பதும் பதிவில் இருந்தது. சிசிலியில் மூத்த மகளுக்குத் தகப்பனுடைய தாயின் பெயரை வைப்பார்கள், அப்படி வந்த பெயரை அந்த வீட்டில் பிறகு பிறக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தொடர்ந்து வைப்பார்கள். அதனால் தோமஸின் தாயின் பெயர் சாரா என்று சிஞ்ஞோரா கூட எழுதி வைத்திருந்தார். இங்கிலாந்து மனைவியின் பெயரை அவர் வில்ஃபிரட்டிடம் கேட்டிருக்கவில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு இறப்பு மட்டும்.

நான் கடைக்காரிக்குச் சொன்னேன். "அந்த மனைவியின்ரை பேர்தான் சாரா எண்டு சொல்லுறார்."

"இல்லை, அது தாயின்ரை பேர். தாயின்ரை பேரைத்தான் வைக்கிறது" என்றார் அவர்.

வில்ஃபிரட்டிடம் கேட்டேன். "தோமஸின்ரை தாய் ஹன்னா" என்றார்.

ஒரு பெண் கடைக்குள் வந்து பாவாடைக்குச் சிப் கேட்டாள். "பூட்டியாச்சு" என்றார் சாரா. கதவு அகலத் திறந்திருந்தது. அந்தப் பெண் எங்கள் நால்வரையும் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

"கார்மேலாவுக்கு இது தெரிஞ்சிருக்குமோ?" என்றார் சாரா. "பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடேக்கை எல்லாம் ஆரைக் கூப்பிடுறன் எண்டு?"

அவர் சிஞ்ஞோராவைப் பார்த்துக் கேட்டார். சிஞ்ஞோரா அந்தத் தொழிலில் முடி நரைத்தவர். "அதை ஒரு பதிவிலும் எழுதுறேல்லை" என்றார்.

சாரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையின் முனையால் துடைத்தார். பிறகு வில்ஃபிரட்டைப் பார்த்து, நேரே அவருக்கே சொன்னார், நான் நடுவில் இருப்பதை மறந்தவர் போல. "அவவின்ரை பேரை எங்கடை வீட்டிலை ஒரு நாளும் கூப்பிடாமல் விட்டதில்லை. நான் ஐந்தாவது சாரா. என்ரை பேத்தி ஆறாவது."

வில்ஃபிரட் என் பக்கம் திரும்பினார். சாரா சொன்னதை அப்படியே சொன்னேன். வில்ஃபிரட் ஒரு பிஸ்கட்டை எடுத்தார். கடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, துணி துவைத்துத் துவைத்து அந்தக் கிழவியின் விரல்கள் மடக்க முடியாமல் போயிருந்தன என்று தன் தகப்பன் சொல்லுவார் என்றார். சாரா எழும்பிப் போய்க் கதவை உண்மையாகவே பூட்டினார்.

கல்லைப் பற்றிச் சாராதான் முதலில் கேட்டார். தோமஸ் கிடப்பது கார்மேலா வீட்டாரின் கல்லறையில். நவம்பரில், இறந்தவர்களின் நாளில் சாரா அங்கே பூக்கொண்டு போவது வழமை. அங்கே கல் வைக்க இடம் இருக்கிறது என்றார். வில்ஃபிரட் அதைக் கடலில் போடுவதாக இருந்தார். கடைசியில் கல்லைத் திருப்பிப் பின்பக்கத்தில் செதுக்குவது என்று முடிவானது. என்ன செதுக்குவது என்பதில் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. வில்ஃபிரட் பெயர் மட்டும் போதும் என்றார். சாரா இரண்டு மனைவிகளின் பெயரும் வேண்டும் என்றார், முதல் மனைவியின் பெயர் முதலில். அந்தச் சண்டையை நான் முழுவதுமாக, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். என் தொழில் வாழ்க்கையிலேயே நீண்ட மொழிபெயர்ப்பு அதுதான். சாரா சொன்னபடிதான் செதுக்கினார்கள். கொலராவைப் பற்றிய எழுத்து இப்போது சுவர்ப்பக்கம் திரும்பி இருக்கிறது. ஆங்கிலப் பாதிரியாரும் வந்தார், சீசாவின் பங்குச் சுவாமியும் வந்தார். யார் முதலில் செபிப்பது என்பதில் அவர்களுக்குள் சிறு தயக்கம் இருந்தது.

வில்ஃபிரட்டைக் கப்பலேற்றிவிட்டுத் திரும்பும்போது சிஞ்ஞோரா பேருந்தில், "நான் அந்த மனைவியின்ரை பேரைக் கேட்டிருக்க வேணும்" என்றார். அதற்குப் பிறகு வருகிற எல்லோரிடமும் இரண்டு கேள்விகள் கேட்டார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் கிளிநொச்சிக்குத் தொலைபேசி எடுத்து அக்காவோடு கதைத்தேன். அக்காவின் பெயர் பரமேஸ்வரி. அத்தான் தொண்ணூறுகளில் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி வெளிநாட்டுக்குப் புறப்பட்டவர். மொஸ்கோவிலிருந்து ஒரு தரம் தொலைபேசியில் கதைத்தார், குளிர் என்றார். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் எழுத வேண்டிய இடங்களுக்கெல்லாம் எழுதினேன். தொழிலும் அதுதானே. ஒன்றும் கிடைக்கவில்லை. ஊரில் அவரைச் செத்தவராகவே கணக்கெடுத்துவிட்டார்கள். அக்கா பொட்டை மட்டும் எடுக்கவில்லை. யாரும் அதைப் பற்றி அவரிடம் கதைப்பதில்லை, நானும் கதைத்ததில்லை.

என் வேலையில் நடப்பவற்றை அக்காவுக்குச் சொல்வது வழக்கம். அன்று தோமஸின் கதையைச் சொல்லத் தொடங்கி, பாதியில்தான் யாருக்கு என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. நிறுத்தப் பார்த்தேன். அக்கா விடவில்லை. "பிறகு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பொத்தான் கடைவரை சொல்லி முடித்தேன்.

"அந்தப் பிள்ளைக்கு அந்தப் பேரை வைச்சது ஆர்? தகப்பனோ?"

"ஓம். தகப்பன்தான்."

"தகப்பன்தான்" என்று அக்காவும் ஒரு தரம் சொன்னார்.

"அப்ப எங்கையாவது ஒரு பரமேஸ்வரி இருப்பாள்" என்றார். பிறகு, "பாவம் அந்தப் பிள்ளை. அங்கத்தை ஆக்களுக்கு வாயிலை நுழையாத பேர்" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது.

"ஓம் அக்கா" என்றேன்.